காலை ஆறு மணி வெந்தயத் தண்ணீரும் மதியம் ஒரு மணிச் சோறும்

வந்த கேள்வி இது. அப்பாவுக்கு 61 வயது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை போடுகிறார். தினமும் எழுந்தவுடன் வெந்தயம் ஊறிய தண்ணீர் குடிக்கிறார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாகற்காய்ச் சாறு. வெறும் வயிற்றில் பார்த்தால் 120க்குப் பக்கம். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240. செடி கொடியில் இருக்கிற சத்துகள் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் அப்பாவுக்கு ஏன் குறையவில்லை?

உண்மைதான். அப்பாவுக்குக் குறையாததற்கு முதல் காரணமாக நான் நினைப்பது நேரம். இந்தச் சத்துகளில் நிரூபணம் உள்ளவை பெரும்பாலும் ரத்தத்தில் வேலை செய்பவை அல்ல. அவற்றின் களம் குடல். சோறு குடலில் இருக்கும்போது அவையும் அங்கே இருந்தாக வேண்டும். காலை ஆறு மணிக்குக் குடித்தது மதியம் ஒரு மணிச் சோற்றைப் பார்க்கப்போவதே இல்லை.

முதலில் ஒரு கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். சர்க்கரை அளவு 100 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம். அப்படியானால் மொத்த ரத்தத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டால் 300 கிராம் சோறு சாதாரணமாக உள்ளே போய்விடும். அதாவது 80 கிராமுக்கு மேல் குளுக்கோஸ். ரத்தத்தில் மொத்தமாக இருப்பதைப் போல பதினாறு மடங்கு. நல்ல உடம்பு இதைச் சமாளிக்கிறது. சாப்பிட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே இன்சுலின் ஒரு வீச்சு வெளியே வந்துவிடும். சர்க்கரை நோயில் முதலில் போவதே அந்த முதல் வீச்சுதான். அதனால் அப்பா எவ்வளவு சாப்பிட்டார் என்பதோடு, அது எவ்வளவு வேகமாக ரத்தத்துக்கு வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியமாகிறது. அதே 80 கிராம் ஒரு மணி நேரத்தில் வந்தால் ஒரு கதை, நாலு மணி நேரத்தில் வந்தால் வேறு கதை.

இந்த வேகத்தைத் தடுக்க மூன்று இடங்கள் உண்டு. வாயிலும் சிறுகுடலிலும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீளச் சங்கிலியை இரண்டு மூன்று கண்ணித் துண்டுகளாக வெட்டுகிறது. குடல் சுவரில் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் வகை நொதிகள் அந்தத் துண்டுகளைத் தனிக் குளுக்கோஸாக உடைக்கின்றன. அப்புறம் சுவரிலுள்ள கடத்திகள் அதை உள்ளே இழுக்கின்றன. நொதியை முடக்கலாம், கடத்தியை அடைக்கலாம், அல்லது உணவையே கொழகொழவென்று ஆக்கி அது நொதியிடமும் சுவரிடமும் போய்ச் சேர்வதையே தாமதப்படுத்தலாம்.

நொதியை முடக்குவதில் கெட்டிக்காரச் செடி மல்பெரி, நம் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் முசுக்கொட்டை. அதன் இலைக் காம்பை ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். அந்தப் பாலில் குளுக்கோஸைப் போலவே உருவம் கொண்ட சில பொருள்கள் அடர்த்தியாக இருக்கின்றன. முக்கியமானது டியாக்சிநோஜிரிமைசின், டிஎன்ஜே என்று சுருக்கிச் சொல்வார்கள். குளுக்கோஸ் வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் இதில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். நொதி இதைச் சர்க்கரை என்று நம்பிப் பிடிக்கும், வெட்ட முடியாமல் மாட்டிக்கொள்ளும். செடி இதை வைத்திருப்பது நமக்காக அல்ல, தன்னைத் தின்ன வரும் புழுக்களுக்காக. மற்றப் புழுக்கள் அந்தப் பாலில் வாடிப்போக, பட்டுப்புழு மட்டும் கொழுத்து வளர்கிறது. இந்தப் போலிச் சர்க்கரையில் சிக்காத நொதி ஒன்று அதற்கு வாய்த்திருக்கிறது. மல்பெரி வேர்ப்பட்டையிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1976இல் டிஎன்ஜேயைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சற்று மாற்றிச் செய்ததுதான் மிக்லிடால் என்ற மாத்திரை.

அப்பாவின் அட்டையிலுள்ள வோக்லிபோஸும் இதே ஜாதிதான். ஆனால் அதன் மூலம் செடி இல்லை, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். அகார்போஸ் என்ற இன்னொரு மாத்திரையும் அப்படியே. ஆக, 'இயற்கை வைத்தியமா, இங்கிலீஷ் மருந்தா' என்று வீட்டில் சண்டை நடந்தால், அப்பா ஏற்கெனவே இயற்கை கண்டுபிடித்த உத்தியைத்தான் அளந்து போட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று ஒரு கொடி. அதன் கட்டையில் குடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் வழக்கம் அங்கே பழையது. அந்தக் கொடியிலிருந்து சலாசினால் என்ற பொருளை 1997இல் கியோட்டோ ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். இதுவும் சர்க்கரை வேடம் போட்டுக் குடல் நொதியை மறிப்பதுதான். இதில் நைட்ரஜனுக்குப் பதில் கந்தகம். நம் சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில் என்பது இதே குடும்பத்துக் கொடி. ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டையோடு கடலழிஞ்சிலும் சேரும். ஊரெல்லாம் ஆவாரம்பூ டீ விற்கிறது. அந்தச் சரக்குகளில் வேலை செய்யும் விதம் தெளிவாகப் புரிந்திருப்பது என்னைக் கேட்டால் கடலழிஞ்சில்தான். பூ மட்டும் போட்டு டீ காய்ச்சுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விலை உண்டு. சிறுகுடலில் வெட்டுப்படாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியாக்கள் கொண்டாடும், வயிறு உப்பும், வாயு பிரியும். வோக்லிபோஸ் ஆரம்பித்த புதிதில் அப்பாவுக்கு இது நடந்திருக்கலாம். அதன் மேல் மல்பெரி இலை டீயும் சேர்த்தால் தடுக்கப்படுவது அதே நொதிதான். சர்க்கரையில் பெரிய லாபம் இருக்காது, வயிறுதான் கஷ்டப்படும்.

அடுத்து பாலிஃபீனால் என்ற பெரிய கூட்டம். டீ, காப்பி, நாவல், நெல்லி, மாதுளை, வாழைப்பூ, கறுப்பு அரிசி என்று நாக்கில் துவர்ப்பதும் கரும் ஊதா நிறமாக இருப்பதும் ஏறக்குறைய எல்லாம் இதற்குள் வரும். சோதனைக் குழாயில் அமைலேஸோடு டீச் சாற்றைச் சேர்த்தால் நொதி படுத்துவிடும். இப்படி வெளிவந்த ஆய்வுகளுக்குக் கணக்கில்லை, ஒவ்வொன்றையும் காட்டி ஒரு டப்பா பொடி விற்கிறார்கள். வாய்க்குள் நிலைமை வேறு. உமிழ்நீரில் புரோலின் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன. டானின் என்ற துவர்ப்புப் பாலிஃபீனால் வந்தவுடன் அதைப் பிடித்துக் கட்டிவிடுவதே அவற்றின் வேலை. துவர்ப்பில் வாய் வறண்டு இழுக்கிறதே, அது அந்தக் கட்டு விழுவதுதான். பிறகு பருப்பின் புரதம், பாலின் கேசின் எல்லாம் மிச்சத்தைப் பிடிக்கும். நொதியிடம் போய்ச் சேருவது கொஞ்சம்.

இதை நேரடியாகக் காட்டிய ஒரு பிரெஞ்சு ஆய்வு எனக்குப் பிடித்தது. ஆரோக்கியமானவர்களுக்கு ரொட்டியோடு ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் கட்டன் டீ, ஒரு நாள் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பாலிஃபீனால் நிறைந்த டீயால் எந்த வித்தியாசமும் இல்லை. எலுமிச்சையோ சர்க்கரை உச்சத்தை 30 சதவீதம் குறைத்தது. அந்த உச்சம் வந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தி. காரணம் எளிது. உமிழ்நீர் அமைலேஸ் விழுங்கியதோடு நின்றுவிடுவதில்லை, வயிற்றுக்குள்ளும் உணவுக் கவளத்தின் நடுவில் இருந்து வெட்டிக்கொண்டே இருக்கும். புளிப்பு சீக்கிரம் உள்ளே புகுந்தால் அது நின்றுவிடும். புளிக்கும் மோருக்கும் இதே தர்க்கம் ஓரளவு பொருந்த வேண்டும். ஆனால் அங்கே கொடுத்தது ஒரு தம்ளர் முழுச் சாறு. நாம் செய்யும் எலுமிச்சம் சாதத்தில் பிழிவது அரைப் பழம், போடுவது இரண்டு கரண்டி சோறு அதிகம். அதை மருந்து என்று நினைக்க வேண்டாம்.

இப்போது வெந்தயத்துக்கு வருவோம். அப்பாவின் கேள்விக்குப் பதிலே இதில்தான் இருக்கிறது.

ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் ஒரு விதையை விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். வழவழவென்று இழை இழுக்கும். அந்தக் கொழகொழப்பு கேலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து. விதைக்குள் பருப்பைச் சுற்றி அது இருக்கிறது. தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். வடிகட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைச் செடிக்குப் போடுகிற வீடுகளில் செடிதான் நன்றாக இருக்கும்.

அந்தக் கொழகொழப்புதான் வேலை செய்கிறதா என்ற சந்தேகத்தை 1978இலேயே டேவிட் ஜென்கின்ஸ் குழு தீர்த்துவிட்டது. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை 1981இல் கொண்டுவந்தவர் அவர்தான். அவர்கள் சோதித்த நார்களில் குவார் பிசின் முன்னால் நின்றது. அது வேறொன்றுமில்லை, முற்றிய கொத்தவரை விதையின் பிசின். வெந்தயத்திலுள்ளதும் அதே கேலக்டோமன்னன் இனம். குளுக்கோஸ் கரைசலில் அதைக் கலந்து குடித்தால் சர்க்கரை ஏற்றம் தணிந்தது. பிசினைச் சிறு துண்டுகளாக உடைத்து, கொழகொழப்பு போன பின் அதே அளவு கொடுத்தால் பலன் போய்விட்டது. நார் என்ற பெயர் மட்டும் போதாது, அது குடலுக்குள் கெட்டியாக நிற்க வேண்டும், சோற்றோடு கலந்து நிற்க வேண்டும். தனியாக முன்கூட்டியே போன பிசினுக்கு அங்கே பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை.

அளவு விஷயமும் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1980, 90களில் நடந்த வெந்தய ஆய்வுகள்தான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுபவை. அவற்றில் கொடுத்தது ஒரு நாளைக்கு 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை, பொடியாக, உணவோடு சேர்த்து. நம் டீஸ்பூன் 4 கிராம்கூடச் சரியாக வராது. அதையும் ஊறவைத்து, வடிகட்டி, சாப்பாட்டுக்கு ஏழு மணி நேரம் முன்னால் குடித்தால் பழி வெந்தயத்தின் மேல் இல்லை. வெந்தயத்தில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஒரு அமினோ அமிலமும் உண்டு, அது தண்ணீரில் கரையும். ஆனால் ஒரு டீஸ்பூனில் இருக்கும் அளவை நம்பி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காலையில் சாப்பிட்டது மதியச் சர்க்கரையைக் குறைக்கவே குறைக்காது என்று இல்லை. காலை உணவில் பயறு வகை சாப்பிட்டவர்களுக்கு அடுத்த வேளை ஏற்றமும் குறைவாக இருந்ததை ஜென்கின்ஸ் குழுவே 1982இல் காட்டியது. மெதுவாகச் செரிப்பதும், பெருங்குடலில் நார் புளித்து உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அது ஒரு கிண்ணம் சுண்டல் செய்யும் வேலை, வடிகட்டிய தண்ணீர் செய்வது அல்ல.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது மாதிரி இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மைசூர்பாகு பைத்தியம் உள்ளவர்களுக்கு உபயோகப்படலாம், சோற்றுச் சர்க்கரைக்கு ஆதாரம் மெலிவு. இலவங்கப்பட்டைக்கு 2003இல் பாகிஸ்தானில் வந்த ஒரு ஆய்வு பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. பின்னால் வந்தவை ஒத்துப்போகவில்லை, 2012இல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோடும் காக்ரன் தொகுப்பு போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. ஸ்பூன் ஸ்பூனாகப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா. அதிலுள்ள கூமரின் அளவுக்கு மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு.

கறுப்புக் கவுனியின் நிறம் ஆந்தோசயனின், தவிட்டில் இருக்கிறது. தவிட்டோடு சாப்பிட்டால் வெள்ளை அரிசியைவிட நல்லதுதான், முக்கியமாக மென்று சாப்பிட வேண்டியிருப்பதால். ஆனால் செட்டிநாட்டில் அதற்குப் புகழ் வந்ததே சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்ட கவுனி அரிசி இனிப்பால். அந்தக் கிண்ணத்தில் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. கேழ்வரகும் இப்படித்தான். பாலிஃபீனால் அதன் மேல்தோலில் நிறைய, ஆனால் நைசாக அரைத்துச் சலித்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் நொதிக்கு நாமே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறோம். ராகிக் கஞ்சி குடித்துவிட்டு 'சிறுதானியம் தானே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு முறை ரீடிங் எடுத்துப் பார்க்கட்டும்.

பாகற்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும், அப்பா மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறார் என்பதால். சரான்டின் முதலான சில பொருள்கள் அதில் உண்டு; மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவு உறுதியில்லை. ஆனால் சிலருக்குச் சில சமயம் அது சர்க்கரையை இறக்கத்தான் செய்கிறது. குளோர்புரோபமைடு என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பாகற்காய்க் குழம்பால் பலன் கூடிப்போனதை 1979இலேயே லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் கிளிமிபிரைடு அந்த மாத்திரையின் உறவுக்காரன். பொரியலாகச் சாப்பிடட்டும், பயமில்லை. வெறும் வயிற்றில் தம்ளர் தம்ளராகச் சாறு வேண்டாம். செடியிலிருந்து வருவது எப்போதும் சாது என்று நினைப்பவர்களுக்கு பீகாரின் முசாஃபர்பூரை நினைவுபடுத்துவேன். 2014இல் அங்கே 390 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 122 பேர் இறந்தார்கள். லிச்சிப் பழத்திலுள்ள ஹைபோகிளைசின், இரவு சாப்பிடாமல் படுத்த குழந்தைகளின் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிட்டதாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது.

அப்பாவுக்கு நான் சொல்வது இவ்வளவு. வெந்தயத்தைச் சாப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். லேசாக வறுத்துப் பொடித்து, இரண்டு டீஸ்பூன் கெட்டியாக மோரில் கலக்கிச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். வயிறு பழகும் வரை ஒரு டீஸ்பூனில் ஆரம்பிக்கலாம். தைராய்டு மாத்திரை மாதிரி வேறு எதுவும் எடுத்தால் அதோடு சேர்க்கக்கூடாது. கொழகொழப்பு மருந்தையும் பிடித்து வைக்கும். வெந்தயக் களி செய்யலாமா என்று கேட்பார், அதில் ஊற்றும் கருப்பட்டிப் பாகைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

அதைவிடப் பெரிய பலன் தட்டின் வரிசையில் இருக்கிறது. நியூயார்க்கில் 2015இல் ஒரு சிறு ஆய்வு, 11 பேர்தான். அதே சாப்பாட்டில் காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று மாற்றியபோது ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைந்தது. நம் வீட்டில் பொரியல் என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. அதை மாற்றி, ஒரு கிண்ணம் கொத்தவரங்காயோ கீரையோ வாழைப்பூவோ பருப்போடு முதலில் தின்று முடித்துவிட்டுச் சோற்றில் கை வைக்கட்டும். மூன்றாவது தடவைச் சோறு தானாகவே சிறுத்துவிடும், உண்மையில் பாதிப் பலன் அதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பலன் பலன்தான்.

எது வேலை செய்கிறது என்பதை அப்பாவின் விரலே சொல்லும். ஒரே அரிசி, அளந்த அதே சோறு, அதே குழம்பு. ஒரு நாள் வழக்கம்போல, ஒரு நாள் புது வரிசையில். இரண்டு நாளும் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து ஒரு மணியிலும் இரண்டு மணியிலும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், நாளுக்கு நாள் 20, 30 புள்ளி தானாகவே ஆடும். எழுதிய தாளை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை.

கடைசியாக அந்த மாத்திரை. வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் வாயோடு போட வேண்டும். கை கழுவிவிட்டு வந்து, ஈசிசேரில் உட்கார்ந்து போடுகிறாரா என்று பாருங்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குள் சோறு குடலில் இறங்கிவிட்டிருக்கும். இன்னொன்று, எப்போதாவது சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு ஸ்பூன் சீனி அவருக்கு உடனே உதவாது. சீனியை உடைக்கும் நொதியையும் வோக்லிபோஸ் தடுத்து வைத்திருக்கிறது. தனிக் குளுக்கோஸ்தான் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா வாங்கி, அம்மாவுக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.